அப்பாவுக்கு வதிவிட அனுமதி

ஒஸ்லோவில் அலுவலகங்களுக்குப் பொய் சொன்னவர்கள் பலர் தப்பியிருக்கிறார்கள். உண்மை சொன்னவர்களும் நாலைந்து வருஷம் இழுபட்டு ஒருமாதிரிக் கரை சேர்ந்திருக்கிறார்கள். பொய்யும் இல்லாமல் மெய்யும் இல்லாமல், செத்தவருக்கு மரியாதையாக ஒரு வார்த்தை சொன்ன பாலேந்திரன்தான் வசமாக மாட்டிக்கொண்டான்.

ஒஸ்லோவின் ஓரத்தில் இருக்கிற ஸ்டோவ்னரில், காட்டோரத் தொடர்மாடி ஒன்றின் நிலத்தளத்தில் இருந்தான் அவன். நான் அவனுக்கு இரண்டு மாடி மேலே. அவன் வீட்டில் ஒரு படுக்கையறை, ஒரு இருப்பறை, ஒரு குசினி, இருப்பறையிலிருந்து காட்டுப் பக்கம் திறக்கிற ஒரு கண்ணாடிக் கதவு, அவ்வளவுதான். வேலை முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் கோப்பை கழுவுவது. பெண்சாதி பூரணி மூதூர்ப் பக்கத்திலிருந்து சண்டைக்குள் இடம்பெயர்ந்து, மட்டக்களப்பில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையை வேறு மூன்று குடும்பங்களோடு பங்குபோட்டுக்கொண்டு கிடந்தாள். கலியாணம் முடித்து இரண்டு வருஷம். சேர்ந்து இருந்தது பத்தொன்பது நாள். அவளைக் கூப்பிட விண்ணப்பம் போட்டுப் பதினான்கு மாதமாகியிருந்தது. அவளை ஒஸ்லோவுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதைவிட அவனுக்கு வாழ்க்கையில் வேறு ஆசை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியாது.

2006ஆம் ஆண்டு ஐப்பசியில் அவனுடைய தகப்பன் சபாரத்தினம் அந்த இடப்பெயர்விலேயே மோசம்போனார். இவனால் போக முடியவில்லை. எட்டுச் செலவு என்கிற எட்டாம் நாள் படையலையாவது முறையாகச் செய்வோம் என்று அப்பாவுக்குப் பிடித்த ஆட்டிறைச்சிக் கறி, மீன் பொரியல், சோறு எல்லாம் சமைத்து, இருப்பறையில் பாய் விரித்து வாழையிலையில் படைத்தான். படைத்தபின் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்கவேண்டும். செத்தவர் வந்து சாப்பிடுகிறபோது யாரும் பார்க்கக் கூடாது. இது எங்களுடைய முறை. கற்பூரமும் சாம்பிராணியும் நோர்வேயில் தீயணைப்பு வண்டியைக் கூட்டிவரும் என்பது எங்களுடைய அனுபவம். அதனால் குளிர் என்ன குத்துக் குத்தினாலும் வெளிக்கதவைத் திறந்து வைத்துத்தான் நாங்கள் எங்கள் செத்தவர்களைக் கூப்பிடுவது.

பாலேந்திரனும் அவனுடைய கூட்டாளி கிளெமென்றும் நடையில் நின்றார்கள். கிளெமென்ற் மட்டக்களப்புக் கத்தோலிக்கன், பஸ் ஓட்டுகிறவன், நோர்வேஜிய மொழியில் எங்களுக்குள் அவன்தான் புலவன். உள்ளே இலை அசைகிற சத்தம் கேட்டது. எலும்பு நொறுங்குகிற சத்தமும் கேட்டது. சபாரத்தினத்துக்குக் கடைசி நாலு வருஷமாகப் பல்லில்லை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

கதவைத் திறந்தபோது பாயில் ஒரு கௌப்ப இருந்தது. நோர்வேக் காட்டில் திரிகிற பெரும்பூனை. பூனையில் பெரியது, சிறுத்தையில் சிறியது. குட்டை வால், சோற்றுத் தட்டு அகலத்துக்குப் பாதம், காது நுனியில் கறுப்பு மயிர்க்குஞ்சம். இலையில் சோறு மட்டும் மிஞ்சியிருந்தது. கிளெமென்ற் சிலுவை போட்டான். அது எழும்பிப் போகும் என்று இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது வெப்பமூட்டியின் பக்கம் முதுகைக் கொடுத்துச் சரிந்து படுத்துக்கொண்டது.

ரெலிபோன் எடுத்தார்கள். எடுக்க முன்னம் கிளெமென்ற் சொன்ன ஒரேயொரு புத்திமதி, "மச்சான், புலி எண்ட சொல்லை மட்டும் பாவியாதை" என்பதுதான். முதல் இலக்கம் இரண்டாவது இலக்கத்தைச் சொன்னது. இரண்டாவது இலக்கம், காட்டுமிருகம் காட்டில் இருந்தால்தான் தங்களுக்கு வேலை என்று மூன்றாவது இலக்கத்தைச் சொன்னது. மூன்றாவது, வீடுகளில் மனிதரும் மனிதரல்லாதோரும் சேர்ந்து வாழ்வதை ஒழுங்குபடுத்தும் திணைக்களம். சுருக்கமாக இணைவாழ்வுத் திணைக்களம். இப்படி ஒன்று இருப்பது அன்றுவரை எங்கள் யாருக்கும் தெரியாது. திணைக்களத்துக்கும் அன்றுவரை வேலை ஏதும் வந்திருக்கவில்லை என்பதைப் பிறகு அறிந்தோம்.

மாரித் என்ற பெண் பேசினாள். மிகவும் தன்மையான குரல். பத்திரத்தில் இருந்த கேள்விகளை வரிசை பிசகாமல் கேட்டாள். வீட்டில் உணவு வைக்கப்பட்டிருந்ததா? இருந்தது. யாருக்காக வைக்கப்பட்டது? அப்பாவுக்காக. பிறகு கேட்டாள்:

"அந்த உணவைச் சாப்பிட்டவர் யார்?"

எங்களில் யாராக இருந்தாலும் இந்த இடத்தில் விழுந்திருப்போம். எட்டாம் நாளில், படைத்த இலைக்கு முன்னால் நின்றுகொண்டு, செத்தவர் சாப்பிடவில்லை என்று பெற்ற பிள்ளை வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் அந்தச் சீவன் பசியோடே அலையும். பாலேந்திரன் இலையைப் பார்த்தான்.

"அப்பா சாப்பிட்டார்," என்றான்.

"இப்போது வீட்டில்தான் இருக்கிறாரா?"

அது முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. "ஓம், இஞ்சைதான் படுத்திருக்குது," என்று தமிழில் முனகிவிட்டு, நோர்வேஜிய மொழியில் "ஆம்" என்றான். மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் கேட்டது. ஐந்து நிமிடத்தில் சபாரத்தினத்துக்கு ஒரு கோப்பு இலக்கம் கிடைத்தது. உயிரோடு இருந்தபோது அந்த மனிதருக்கு ஒரு ஓய்வூதிய இலக்கம் எடுக்க ஏழு வருஷம் பிடித்தது.

முதல் கடிதம் அடுத்த வாரமே வந்தது. "உங்கள் தந்தை தாம் தெரிவுசெய்த வடிவில் உங்களோடு இணைந்திருப்பதைத் திணைக்களம் மதிப்போடு கவனத்தில் எடுத்துள்ளது" என்று தொடங்கியது. கோப்பு முடியும்வரை அவர் முகவரியை விட்டு வெளியேறக் கூடாது, வெளிக்கதவைப் பூட்டி வைக்கவும் என்று முடிந்தது.

அதற்குப் பிறகு மாரித் நேரில் வந்தாள். பச்சைக் கம்பளித் தொப்பியும் ஒரு பெட்டி துண்டுப்பிரசுரங்களுமாகக் குசினியில் இருந்து தேத்தண்ணி குடித்தாள். இருப்பறைக்குள் மட்டும் போகமாட்டேன் என்றாள். அது அப்பாவின் தனிப்பட்ட இடம், அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். பாலேந்திரன் தனக்குத் தெரிந்த மொழியெல்லாம் திரட்டி, அது அப்பா இல்லை, மிருகம், ஒருதரம் எட்டிப் பாருங்கள் என்று கெஞ்சினான். அவள் கண்ணில் இரக்கம் நிறைந்தது.

"பாலேந்திரன், துக்கத்தில் மறுப்பு என்று ஒரு கட்டம் உண்டு. அதற்கும் ஒரு பிரசுரம் கொண்டுவந்திருக்கிறேன். எங்கள் திணைக்களம் யாருடைய அப்பாவையும் சந்தேகப்படுவதில்லை. பார்ப்பதே ஒரு வகைச் சந்தேகம்தான். அதனால் நாங்கள் பார்ப்பதில்லை."

நீங்கள் கேட்கலாம், கதவைத் திறந்து துரத்திவிட வேண்டியதுதானே என்று. அவன் அதையும் செய்து பார்த்தவன். சட்டியைக் கரண்டியால் அடித்தான். பக்கத்து வீட்டார் முறையிட்டார்கள். திணைக்களத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கிளெமென்ற் அதை இரண்டுதரம் வாசித்துவிட்டு நிலைமையை விளக்கினான். அது கௌப்ப என்றால் பாதுகாக்கப்பட்ட விலங்கு, தொந்தரவு செய்தால் வழக்கு. அது அப்பா என்றால் வயோதிபர், தொந்தரவு செய்தால் அதைவிடப் பெரிய வழக்கு. துரத்தினால் குற்றம், வைத்திருந்தால் பராமரிப்பு. ஆகவே வைத்திருந்தான்.

எப்படி வைத்திருந்தான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். குசினி மேசையை இருப்பறைக் கதவுக்கு அண்டை கொடுத்துவிட்டுத்தான் படுப்பான். நித்திரை கொள்ளமாட்டான். காலையில் கதவை ஒரு சாண் திறந்து ஆட்டுத் தொடையை உள்ளே தள்ளுவான். அது சோபாவைக் கிழித்துப் பஞ்செடுத்து, அந்தப் பஞ்சில் படுத்தது. மூத்திர நாற்றம் என் வீடுவரை வந்தது. வேலையிடத்தில் யாராவது பின்னால் வந்தால் கையில் இருக்கிற கோப்பையைப் போட்டு உடைப்பான். முப்பத்தாறு வயதுக்காரன், இரண்டு மாதத்தில் ஐம்பது மாதிரி ஆகிவிட்டான். மகிழ்ச்சியாக இருந்தது வீட்டில் ஒருவர்தான்.

சம்மதக் கடிதத்துக்கு என்ன செய்வது என்று மாரித்தைக் கேட்டார்கள். எழுதத் தெரியாதவரென்றால் கைநாட்டுப் போதும் என்றாள். அவள் அதை உதவியாகத்தான் சொன்னாள். பாலேந்திரன் மைப் பெட்டியோடும் ஒரு கிலோ ஈரலோடும் உள்ளே போனான். கைநாட்டு எடுத்துக்கொண்டுதான் வெளியே வந்தான், ஆனால் இடது கையில் பதினொரு தையல் போடவேண்டியிருந்தது. கைநாட்டைச் சரிபார்க்க மாதக்கணக்காகும், அதுவரை உள்ளே போகமாட்டேன் என்றாள் மாரித்.

மருத்துவமனைத் தாதி இது எப்படி நடந்தது என்று கேட்டாள். கோப்பில் ஒருமாதிரியும் இங்கே ஒருமாதிரியும் சொன்னால் இன்னும் சிக்கல் வருமென்று பயந்து, "அப்பா" என்றான். அப்பாவுக்கு எத்தனை வயது? எழுபத்தொன்று. முன்பும் இப்படிச் செய்திருக்கிறாரா? அவள் இன்னொரு பத்திரத்தை எடுத்தாள். அதற்கடுத்த கிழமை, கோபத்தைக் கட்டுப்படுத்தும் பயிற்சி வகுப்புக்கு வருமாறு சபாரத்தினத்துக்கு அழைப்பு வந்தது. புதன்கிழமைகளில், பத்துப் புதன். முதல் இரண்டுக்கும் அவர் வராததால், ஒத்துழைக்க மறுக்கிறார், பண்பாட்டுத் தடை காரணமாக இருக்கலாம் என்று குறிப்பெழுதி, பயிற்சியைப் பாலேந்திரனுக்கு மாற்றினார்கள். அவன் எட்டுப் புதன்கிழமை போய், மூக்கால் மூச்சிழுத்து வாயால் விடப் பழகினான்.

இவ்வளவையும் அவன் தாங்கினான். தாங்க முடியாமல் போனது தை மாதத்தில்தான். வெளிநாட்டவர் விண்ணப்பங்களைப் பார்க்கிற அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வீட்டில் ஏற்கெனவே இரண்டு வளர்ந்தவர்கள் வசிப்பதாகப் பதிவாகியுள்ளது. மூன்றாவது ஆளுக்கு இடம் போதாது. பூரணியின் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

அன்றைக்கு அவன் மேலே ஏறி என் வீட்டுக்கு வந்தான். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நடையிலேயே குந்தினான். "அண்ணை, நான் அவளுக்கு என்னெண்டு சொல்லுறது? மாமா இருக்கிறார், அதாலை உனக்கு இடமில்லை எண்டோ?" என்றான். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

பூரணிக்கு அவன் சொன்னான். முதலில் அவள் சிரித்தாளாம். பிறகு லைன் வெட்டுப்பட்டதோ அவள்தான் வைத்தாளோ தெரியாது, கதை நின்றுவிட்டது.

மேன்முறையீடு செய்யப் போனார்கள். அதற்கு முன்னம் சம்பந்தப்பட்ட அலுவலகங்கள் எல்லாம் கூடுகிற பொறுப்புக்குழுக் கூட்டம் ஒன்று நடக்கவேண்டும் என்றாள் மாரித். மாசி மாதம் அது நடந்தது. ஒன்பது பேர் வந்தார்கள். வட்ட மேசை, பிளாஸ்கில் கோப்பி, வாஃபல், ஜாம். சபாரத்தினத்துக்கென்று ஒரு கதிரை வெறுமையாக விடப்பட்டிருந்தது. அதற்கு முன்னாலும் ஒரு வாஃபல் வைத்திருந்தார்கள். ஒன்பது பேரும் தங்கள் பெயர், பதவி, இன்று எப்படி உணர்கிறோம் என்பவற்றைச் சொல்லி முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. பாலேந்திரனுக்குக் கிடைத்தது நாலு நிமிடம். அவன் எழுதிக்கொண்டு போன தாளை எடுக்கவில்லை.

"என் மனைவி பள்ளிக்கூட நிலத்தில் படுக்கிறாள். பக்கத்தில் ஷெல் விழுகிறது. போன கிழமை பின்வளவில் விழுந்து இரண்டு பேர் செத்தார்கள். எனக்கு அவள் வேணும். தயவுசெய்து அந்த மிருகத்தைக் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் என்னை மறியலில் போடுங்கள், அவளுக்கு அந்த வீட்டைக் கொடுங்கள்."

ஒரு பெண்ணுக்குக் கண் கலங்கியதாம், அதை நான் மறைக்கக் கூடாது. தலைவர் ஓய்விண்ட், வெள்ளைத் தாடிக்காரர், கைகளைக் கோத்துக்கொண்டு பேசினார்.

"மிகவும் முக்கியமான ஒன்றைப் பகிர்ந்திருக்கிறீர்கள், நன்றி. நீங்கள் எங்களிடம் ஒரு முடிவை எதிர்பார்ப்பது தெரிகிறது. முடிவு என்று ஒன்றைக் கொடுத்தால் யாராவது ஒருவர் கட்டாயம் பாதிக்கப்படுவார். பதினெட்டு வருஷமாக நான் இந்தத் துறையில் இருக்கிறேன், ஒருவரையும் பாதித்ததில்லை. நாங்கள் கொடுப்பது கூட்டம். அடுத்த கூட்டத்தை வைகாசியில் வைக்கலாமா?"

கூட்டக் குறிப்பு பிறகு தபாலில் வந்தது. மூன்றாம் பக்கத்தில், "இலங்கையின் பொதுவான சூழல் பற்றியும் பேசப்பட்டது" என்று ஒரு வரி இருந்தது. வாஃபல் பற்றி இரண்டு வரி இருந்தது.

மேன்முறையீட்டில் கிளெமென்ற் சுற்றிவளைக்காமல் எழுதினான். குறித்த நபர் அப்பா அல்ல, விலங்கு. ஆகவே வீட்டில் ஒருவரே வசிக்கிறார். பத்து நாளில் பதில் வந்தது. அப்படியானால் விண்ணப்பதாரர் நாலு மாதமாகப் பாதுகாக்கப்பட்ட வனவிலங்கொன்றை அனுமதியின்றி வீட்டில் அடைத்து வைத்திருந்திருக்கிறார், அரச அலுவலகத்துக்குப் பொய்த் தகவலும் கொடுத்திருக்கிறார். இவை தண்டனைக்குரியவை. தண்டனை பெற்றவர் மனைவியை அழைக்க முடியாது. ஏழு நாளுக்குள் எதை உறுதிப்படுத்துகிறீர்கள் என்று அறியத்தரவும்.

அப்பா என்றால் இடமில்லை. மிருகம் என்றால் குற்றவாளி. இரண்டு பக்கமும் அடைத்துவிட்டு, எந்தப் பக்கம் வசதி என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். ஏழாம் நாள் காலையில் பாலேந்திரன் கையெழுத்துப் போட்டான். அப்பா என்று போட்டான்.

போட்ட கையோடு கிளெமென்றுக்கு மூளை வேலை செய்தது. அவன் பஸ்ஸை ஓட்டிக்கொண்டே யோசிக்கிற ஆள், இதற்கு ஸ்டோவ்னரிலிருந்து நகரத்துக்கும் திரும்பியும் மூன்று தரம் ஓடவேண்டியிருந்ததாம். "மச்சான், மனிசியெண்டு கேட்டாத்தானே இடமில்லை எண்டுறாங்கள். மருமகளெண்டு கேட்டுப் பாப்பம். மாமனாரைப் பாக்க மருமகள் வாறது எங்கடை கலாசாரம் எண்டு எழுதுவம். கலாசாரமெண்டால் உவங்கள் வாய் திறக்காங்கள்," என்றான்.

இணைவாழ்வுத் திணைக்களம் ஒரு கலாசார நிபுணரை அமர்த்தியது. அவர் கேரளத்தில் இரண்டு வாரம் எண்ணெய்க் குளியல் எடுத்தவர். பாலேந்திரன் வீட்டுக்கு அவரும் வரவில்லை. தெற்காசிய முதியவருக்கு மருமகள் கையால் சாப்பிடாவிட்டால் ஆன்மா வாடும் என்று அறுபத்துநாலு பக்கம் எழுதினார். பங்குனி நடுவில் தீர்மானம் வந்தது. பூரணிக்கு அனுமதி. ஒரு வருஷம், புதுப்பிக்கலாம்.

பாலேந்திரன் கடிதத்தை என்னிடம் கொண்டுவந்து நீட்டினான். சந்தோஷத்தைப் பங்குபோட வந்திருக்கிறான் என்று நினைத்து வாசித்தேன். "பராமரிப்பாளரான மருமகள், பராமரிக்கப்படுபவரின் அறையிலேயே தங்குவார் என்பதால் இடப்பற்றாக்குறைப் பிரச்சினை எழாது. மேற்படி அனுமதி, திரு. சபாரத்தினம் குறித்த முகவரியில் வசிக்கும் காலம்வரை மட்டுமே செல்லும். விசா குத்துவதற்கு முன், வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எமது அலுவலர் அவரை நேரில் சந்தித்து உறுதிப்படுத்துவார். அவரது கைநாட்டுச் சம்மதம் கிடைத்துள்ளது."

ஐந்து மாதத்தில் முதல்தரமாக மாரித் இருப்பறைக்குள் போகப்போகிறாள்.

"நல்லதுதானே, போய்ப் பாக்கட்டுமன்," என்றேன்.

"அண்ணை, அது போட்டுது," என்றான் பாலேந்திரன். "முந்தநாள் கண்ணாடியை உடைச்சுக்கொண்டு போட்டுது."

பங்குனி பிறந்தால் கௌப்பவுக்கு இணை தேடுகிற காலமாம். அதை நாங்கள் பிறகுதான் நூலகத்துப் புத்தகமொன்றில் வாசித்தோம். மூன்று இரவாகக் காட்டுக்குள் ஏதோ ஒன்று கத்தியதாம், இதுவும் இருப்பறைக்குள் நின்று பதில் கத்தியதாம், பிறகு கதவுக் கண்ணாடியால் பாய்ந்து போய்விட்டதாம். இணையோடு சேர அதற்கு ஒரு பத்திரமும் நிரப்பவேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் பாலேந்திரனும் காட்டுக்குள் இறங்கினோம். அவன் கையில் பிளாஸ்ரிக் பெட்டி நிறைய ஆட்டிறைச்சிக் கறி. நல்ல வெயில், முழங்கால் அளவு பனி. நோர்வேக்காரர் குடும்பம் குடும்பமாகச் சறுக்கிக்கொண்டு போனார்கள். எங்களைத் தாண்டிய ஒரு வயதான தம்பதி நின்று, எதையாவது தொலைத்தீர்களா என்று கேட்டது.

"அப்பாவை," என்றான் பாலேந்திரன். ஐந்து மாதத்துப் பழக்கம் அது.

அந்த மனிசி உடனேயே கைத்தொலைபேசியை எடுத்தாள். முக்கால் மணித்தியாலத்துக்குள் சிவப்பு அங்கி போட்ட தொண்டர்கள் இருபத்தாறு பேர் வந்து சேர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்த நல்ல சனங்கள், அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அப்பா குளிருக்கு உடுத்தியிருக்கிறாரா என்று கேட்டார்கள். உடுத்தியிருக்கிறார் என்றோம். எப்படி நடப்பார் என்று கேட்டார்கள். மெதுவாக, சத்தமில்லாமல் என்றோம். காட்டின் நாலு பக்கமும் "சபாரத்தினம், சபாரத்தினம்" என்று நோர்வேஜிய வாய்கள் கூப்பிட்டன. இடப்பெயர்வில் அவர் செத்தபோது பேர் சொல்லி அழுவதற்கு ஆறு பேர்தான் நின்றார்களாம். பாலேந்திரன் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று அழுதான். எட்டுச் செலவு அன்றுகூட அவன் அழவில்லை.

தொண்டர்கள் மேட்டுப் பக்கம் போனபிறகு நாங்கள் அதைக் கண்டோம். ஓடைக்கு அந்தப் பக்கம், பனி உருகிய ஒரு பாறையில் நின்றது. பின்னால் இன்னொன்று, கொஞ்சம் சிறியது. பாலேந்திரன் என்னைக் கையால் மறித்துவிட்டுத் தனியே ஓடைக் கரைவரை போனான். பெட்டி மூடியைத் திறந்து பனியில் வைத்தான். இவ்வளவு நாளும் அந்த மிருகத்தோடு அவன் கதைத்ததேயில்லை. இப்போது குந்தியிருந்து கதைத்தான்.

"நீங்கள் ஆரெண்டாலும் இருங்கோ. எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. வியாழக்கிழமை ஒருநாள் வந்து அந்தப் பாயிலை படுங்கோ. அவளுக்கு விசாக் குத்தினாப் பிறகு நீங்கள் எங்கை வேணுமெண்டாலும் போங்கோ. உங்கடை ஆளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, ரெண்டு பேரும் இருங்கோ. நான் குசினியிலை படுக்கிறன்."

அது காதை ஒருதரம் திருப்பியது. பிறகு இரண்டும் பாறைக்குப் பின்னால் இறங்கிப் போயின.

அந்த நேரம் பார்த்து அவனுடைய கைத்தொலைபேசி ஒருதரம் அடித்து நின்றது. மட்டக்களப்பிலிருந்து பூரணி கொடுக்கிற அடையாளம் அது. அவன் திருப்பி எடுத்தான். கை விறைத்திருந்ததால் சத்தத்தைக் கூட்டி முழங்காலில் வைத்துக்கொண்டு கதைத்தான். எனக்கும் கேட்டது.

"கடிதம் வந்ததெண்டு கிளெமென்ற் அண்ணை சொன்னவர். உண்மையோ?"

"ஓம்."

"எல்லாம் சொன்னவர். அந்த அறையிலைதான் படுக்க வேணுமாமே. உண்மையைச் சொல்லுங்கோ, அது கடிக்குமோ?"

"ஒருக்காக் கைநாட்டு எடுக்கேக்கை மட்டும்."

அவளுக்குப் பின்னால் ஏதோ குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"பரவாயில்லை. இஞ்சை எந்தப் பக்கத்தாலை வருமெண்டு தெரியாமல் படுக்கிறம். அது அறையிலை ஒரு மூலையிலைதானே படுத்திருக்கும். மூலை தெரிஞ்சால் நான் நித்திரை கொள்ளுவன்."

பாலேந்திரன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"என்ன பேசாமல் இருக்கிறியள்? மாமா வீட்டிலைதானே நிக்கிறார்?"

அவன் ஓடைக்கு அந்தப் பக்கம் பார்த்தான். பாறையில் வெயில் மட்டும் இருந்தது.

"ஓம், நிக்கிறார்," என்றான்.

"அப்ப சரி. நான் நாளைக்குக் கொழும்புக்கு வெளிக்கிடுறன்," என்று சொல்லிவிட்டு அவள் வைத்தாள்.

அவன் எழும்பினான். பெட்டியை எடுத்துக்கொண்டு, சப்பாத்தோடே ஓடைத் தண்ணிக்குள் இறங்கினான். நான் கூப்பிட்டது அவனுக்குக் கேட்கவில்லை. அந்தக் கரையில் ஏறி, காட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு கத்தினான்.

"அப்பா, வாங்கோ. பூரணி வாறாளாம்."